கமிஷன் இல்லாத கடை

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது மேலேயிருந்து வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர்களின் சட்டையைப் பார்த்தால்தான் தெரியும். அங்கே ஆறு வருஷமாகப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்று கூப்பிட்டார்கள். புருஷன் இறந்த மறுவருஷமே, பதினோரு வயது மகளைத் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கடல் தாண்டி வந்தவள்.

சம்பளம் கைக்கு வந்த மறுநாள் அண்ணனுக்கு அந்த நாட்டுக் காசில் ஆயிரம் அனுப்பிவிடுவாள். இரண்டு தெரு தள்ளி, போன் ரிப்பேர் கடைக்கும் மளிகைக்கடைக்கும் நடுவில் பணம் அனுப்பும் கடை ஒன்று இருந்தது. கண்ணாடியில் 'கமிஷன் இல்லை' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். கடைக்காரர் வாய் நிறையத் தங்கச்சி என்பார். உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், வருஷப் பிறப்புக்கு ஒரு காலண்டர். பணத்தைக் கட்டினால் ஒரு சீட்டில் நம்பர் போட்டுத் தருவார். அந்த நம்பரை அண்ணனுக்குச் சொன்னால், ஊரில் இருக்கும் கிளையில் போய் அவர் ரொக்கமாக வாங்கிக்கொள்வார். ஆறு வருஷத்தில் ஒரு மாசம்கூடத் தவறியதில்லை. தனக்கு நல்ல கடை அமைந்தது தன் அதிர்ஷ்டம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவள் தையல்காரி. கிழிந்த விரிப்புகளையும் நோயாளிகளின் சட்டைகளையும் தைக்கப் புதிதாக வந்திருந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. எதையும் இரண்டு தரம் அளந்து பார்க்கிற கை, வாயும் அப்படித்தான். ஒரு நாள் டீ இடைவேளையில் இஸ்திரி அக்கா கடைச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைக்கும்போது எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, ஆயிரத்துக்கு எவ்வளவு போய்ச் சேருது?"

"இருபதாயிரத்துத் தொள்ளாயிரம். கமிஷன் ஒரு பைசா கிடையாது."

"கமிஷன் இல்லாம அவர் என்ன தர்மத்துக்கா கடை போட்டிருக்காரு? ஒன்னுக்கு எவ்வளவு போடறாருன்னு பாத்தியா?"

பார்த்ததில்லை. தையல்காரி சலவைத் துணிகளை எண்ணி எழுதும் ஒரு பழைய உருப்படிச் சீட்டைத் திருப்பிப் போட்டு, துணியில் குறி போடும் நீலப் பென்சிலால் எழுத ஆரம்பித்தாள். கடையில் கட்டணம் இல்லை, ஆனால் ஒன்றுக்கு இருபது ரூபாய் தொண்ணூறு பைசாதான். வங்கியில் நாற்பத்தைந்து கட்டணம். ரேட் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் வழியில் இன்னொரு வங்கி எழுநூறு ரூபாயை உருவிக்கொள்ளும், கடைசியில் கடையைவிடக் குறைவாகத்தான் போய்ச் சேரும். போன் செயலியில் கட்டணம் பன்னிரண்டு, ரேட் இருபத்திரண்டு நாற்பது.

"எழுதிக்க. செயலியில போட்டா இருபத்திரெண்டாயிரத்து நூத்தி முப்பத்தி ஒன்னு."

இஸ்திரி அக்கா கூட்டிக் கழித்துப் பார்த்தாள். மாசம் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேலே. வெளியே சொல்லாமல் மனசுக்குள் வருஷத்தால் பெருக்கினாள். தையல்காரி அதற்குள் பெருக்கி முடித்துவிட்டாள்.

"ஆறு வருஷத்துக்கு எண்பத்தெட்டாயிரம் சொச்சம். ரேட் முன்னப்பின்ன இருக்கும், ஆனாலும் நாலு மாசப் பணம் அக்கா. நாலு மாசம் நீ அந்தக் கடைக்காரருக்குத்தான் தேய்ச்சிருக்க."

அன்று மத்தியானம் முழுக்க இஸ்திரி இயந்திரத்தின் உருளைக்குள் விரிப்பைச் செலுத்தும்போதெல்லாம் அந்த நாலு மாசம் கண்முன் வந்து நின்றது. காய்ச்சலோடு தேய்த்த நாட்கள், கை வெந்து கட்டுப் போட்டுக்கொண்டு தேய்த்த வாரம். அதில் எவையெல்லாம் அந்த நாலு மாசத்தில் சேரும் என்று யோசித்தாள்.

செயலியில் அனுப்பினால் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் போகும், ரொக்கமாக வாங்க முடியாது. வார லீவன்று அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, உன் பேங்க் கணக்கு நம்பரச் சொல்லு. இனிமே அதுலயே போட்டுடறேன். மாசம் ஆயிரத்து இருநூறு மிச்சம்."

"எதுக்கும்மா அதெல்லாம்? கடையிலயே அனுப்பு. பழகின இடம்."

"பழகின இடம்னு நாலு மாசப் பணத்தக் குடுத்திருக்கோம்ணா."

பின்னால் அண்ணி பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கூட வேலை பார்த்த ஒருத்தனின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவன் வண்டி வாங்கிவிட்டு ஆளே காணோம். இரண்டு வருஷமாக அவர் கணக்கில் எது விழுந்தாலும் வங்கி பிடித்துக்கொள்கிறது.

"சம்பளத்தையே கையில குடுங்கன்னு முதலாளிகிட்டக் கெஞ்சி வாங்கிட்டு இருக்கேன். உங்க அண்ணிக்கே தெரியாது. நீ போட்டா ஒத்த ரூபா வெளிய வராது."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் குரலில் இருந்த கூச்சத்தைக் கேட்டதும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணிக்குக் கணக்கே கிடையாது. திறக்கலாம் என்றால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும், குட்டு உடைந்துவிடும். மகள் பேரில் திறக்கலாமா என்று விசாரித்தாள். பதினெட்டு முடியாத பிள்ளைக்குத் தாய் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் தூதரகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தூதரகம் திறந்திருக்கும் நாளெல்லாம் அவளுக்கு வேலை. அவளுக்கு லீவு கிடைக்கும் நாளில் தூதரகத்துக்கும் லீவு. மேற்பார்வையாளரிடம் அரை நாள் கேட்டாள். ஆள் பற்றாக்குறை, அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாசமும் அதையே சொன்னார்.

மகளுக்குப் பதினெட்டு முடிய இன்னும் ஐந்து மாசம் இருந்தது. அந்த ஐந்து மாசமும் அவள் அதே கடைக்குப் போனாள். அதே நாற்காலி, அதே தண்ணீர்.

"என்ன தங்கச்சி, முகம் வாடிக் கிடக்கு?"

"ஒன்னுமில்லண்ணே."

கடைக்காரர் நோட்டுகளை எண்ணும்போது அவள் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் இந்தக் கடையிலிருந்து வெளியே வரும்போது உடம்பு லேசாக இருக்கும். இப்போது தெரிந்தே தூக்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. நல்ல ரேட் எங்கே என்று கேட்டுத் திரிகிறவர்களிடம் செயலியைப் பற்றி அவளே எடுத்துச் சொன்னாள். இரண்டு பேர் மாறியும் விட்டார்கள். அவள் மட்டும் சீட்டோடு திரும்பி வந்தாள்.

பதினெட்டு முடிந்த மறுவாரமே மகள் தன் அடையாளக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்க் கணக்குத் திறந்தாள். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு பேர்லயா? என் மேல நம்பிக்கை விட்டுப்போச்சா?"

"உன் பேர்ல போட்டா பேங்க்காரன் எடுத்துக்குவான்னு நீதானே சொன்ன. அவ எடுத்து உன் கையில குடுத்துடுவா."

அண்ணன் அரை மனசாகச் சரி என்றார். ஆனால் அன்று சாயங்காலமே மகள் தனியாகப் போன் செய்து கேட்டதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, மாமாவுக்கு வழக்கமா வர்ற இருபதாயிரத்துத் தொள்ளாயிரத்தக் குடுத்துடறேன். மேல வர்றது என் கணக்குலயே இருக்கட்டும்."

"பொய் சொல்லச் சொல்றியாடி?"

"பொய் எங்கம்மா இருக்கு? அவருக்கு ஒரு ரூபா குறையல. காலேஜ் பஸ் பாஸுக்கே அவர் முகத்தப் பாத்து நிக்க வேண்டியிருக்கு. கேட்டாத் திட்ட மாட்டாரு. ஆனா எழுந்து போய்ப் பெட்டியத் திறக்கறதுக்குள்ள பத்து தடவை பெருமூச்சு விடுவாரு."

மகளுக்கு மாமா வீட்டில் சோறு உண்டு, பாய் உண்டு, பெருமூச்சும் உண்டு என்பது அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. போனை வைத்தபிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். ஆறு பேர் தங்கும் அறையில் அழுவதற்கு வேறு இடம் இல்லை. மறுநாள் மகளிடம் சரி என்றாள்.

இரண்டு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் மாசம், பணம் வந்து சேர்ந்த குறுஞ்செய்தியை மகளின் போனில் அண்ணன் பார்த்துவிட்டார். இஸ்திரி அக்கா வேலையில் இருக்கும்போதே போன் வந்தது. இயந்திரத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் விட்டுவிட்டு, அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஆயிரத்து இருநூறு எங்க போகுது?" என்றார் அண்ணன், எடுத்த எடுப்பில்.

மகள் அவர் வீட்டில் இருக்கிறாள். இவள் இங்கே என்ன பேசினாலும் அதன் சூட்டை அவள்தான் அங்கே தாங்க வேண்டும். ரேட் குறைந்துவிட்டது, வங்கியில் பிடித்துவிட்டான் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"என் பொண்ணு பேர்ல இருக்குண்ணா."

"ஏழு வருஷமா வளக்கறேன். எனக்குத் தெரியாம ஒளிக்கிற அளவுக்கு ஆயிட்டேனா நான்?"

"நீ வளத்தத மறக்கலண்ணா. அதுக்குத்தான் அந்த இருபதாயிரத்துத் தொள்ளாயிரம் குறையாம வருது. இனிமேயும் வரும். இது முன்னாடி கடைக்காரர் எடுத்துட்டு இருந்தது. அவர் எடுத்தப்ப யாருமே கேக்கலையே?"

அண்ணன் போனை வைத்துவிட்டார்.

அடுத்த மூன்று வாரம் அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இவள் செய்த போன்களை எடுக்கவும் இல்லை. மகள் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினாள்: சாப்பிட்டேன், காலேஜ் போனேன், நல்லா இருக்கேன். அந்த மூன்று பதிலை வைத்துக்கொண்டு அம்மா என்னவெல்லாமோ கற்பனை செய்தாள். கிளம்பிப் போய்விடலாம் என்றால் ஒப்பந்தம் முடிய ஒன்றரை வருஷம் இருந்தது. பாதியில் போனால் டிக்கெட் காசு, அபராதம் எல்லாம் தலையில் விழும். இரண்டு முறை விரிப்பைக் கோணலாக விட்டு மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினாள்.

"தெரியாமலே இருந்திருக்கலாமோன்னு இருக்குடி," என்றாள் தையல்காரியிடம்.

தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "என்னைத் திட்டணும்னா நேராத் திட்டிடுக்கா," என்றாள். "இப்படிச் சுத்தி வளைக்காத."

நாலாவது வாரம் வேலை நேரத்தில் மகள் போன் செய்தாள். குரலில் ஏதோ அடக்கிவைத்த சிரிப்பு இருந்தது.

"மாமா இன்னும் உர்ருன்னுதான் இருக்காரு. ஆனா பணத்த வாங்கிக்கிட்டாரு, எண்ணிப் பாக்கல. அதில்லம்மா விஷயம். இன்னைக்கு அத்தை என்னை மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

"என்னவாம்? ஏதாவது சொன்னாளா?"

"அந்த ஜாமீன் சமாச்சாரம் அவங்களுக்கு ஒரு வருஷமாவே தெரியுமாம். மாமா அவரா சொல்லட்டும்னு வாயத் திறக்காம இருந்திருக்காங்க. இப்ப, கணக்குத் திறக்க என்னென்ன காகிதம் வேணும்னு கேட்டாங்க. அவங்க அக்கம்பக்கத்துக்குத் தைச்சுக் குடுத்த காச இத்தனை நாளா அரிசி டப்பாவுலதான் போட்டு வச்சிருக்காங்களாம். நாளைக்குக் காலேஜ் முடிஞ்சதும் அவங்களக் கூட்டிட்டுப் போறேன். மாமாகிட்டச் சொல்லல."

அண்ணன் இனி எப்போது பேசுவார், பேசினால் எப்படிப் பேசுவார் என்பது இஸ்திரி அக்காவுக்குத் தெரியவில்லை. ஒப்பந்தத்தின் ஒன்றரை வருஷம் ஒன்றரை வருஷமாகவே இருந்தது.

"போட்டோ ரெண்டு எடுத்துட்டுப் போகச் சொல்லு," என்றாள் கடைசியில். "ஒன்னு போதும்னு சொல்லுவாங்க, அப்புறம் அங்க போனா ரெண்டு கேப்பாங்க."

மேற்பார்வையாளர் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு இயந்திரத்துக்குத் திரும்பி, அடுத்த விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறினாள்.