காதனுக்குச் சொன்ன பொய்

காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவள் அலறினாள். "ஏங்க! உங்க பிள்ளை விழுந்துக்கிட்டு இருக்கான்!"

பிள்ளை என்றது ஒரு சின்னச் செயற்கைக்கோளை. அதைக் கட்டியவன் அவள் கணவன். கீழேயிருந்து இயக்குகிறவள் அவள். இரண்டு பக்கமும் அகலமாக விரிந்த சூரியத் தகடுகளால் அதற்கு யானைக்காதன் என்று பெயர் விழுந்து, பிறகு காதன் என்று சுருங்கியது. கம்பெனி அவளுடைய அண்ணனுடையது. கம்பெனி என்றால் இரண்டு அறை, மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா, வானத்தில் காதன். அவ்வளவுதான் சொத்து.

அண்ணன் திரையை எட்டிப் பார்த்தார். "வேகம் கூடியிருக்கே தங்கச்சி. நல்லதுதானே?"

"நீ சும்மா இருண்ணே. மேல காத்து தடுத்தா அவன் கீழ இறங்குவான். இறங்க இறங்க வேகம் கூடும்."

"பிரேக் போட்டா பறக்குற வண்டியா? என்னத்தை மாப்ள கட்டி வெச்சிருக்கீங்க?"

அவ்வளவு உயரத்தில் ஏது காற்று? இருக்கிறது, பேருக்குக் கொஞ்சம். சூரியனில் புயல் கிளம்பி, அது வீசியெறிந்த மின்துகள்கள் பூமியை வந்து முட்டினால், அந்தச் சக்தியில் ஒரு பங்கைக் காந்தப்புலம் துருவங்களின் பக்கம் இறக்கிவிடுகிறது. அங்கே மேல்காற்றில் மின்சாரம் பாய்கிறது, காற்று சூடாகிறது. சூடான காற்று, அடுப்பில் மறந்துவிட்ட பாலைப் போலப் பொங்கி எழும். அன்று கீழே கிடக்க வேண்டிய அடர்ந்த காற்று காதனின் பாதைக்கே ஏறி வந்திருந்தது. எதிர்க்காற்றில் குடை விரித்தவன் மாதிரி அவன் மாட்டிக்கொண்டான். மறுபடி மேலே ஏற எஞ்சினும் கிடையாது. இப்படியே போனால் இரண்டொரு நாளில் எரிந்து சாம்பல்.

"தகட்டைக் குறைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் அவள் கணவனிடம்.

"அப்புறமா திட்டு. இப்ப அவனை ஒருக்களிச்சுத் திருப்பு, கூட்டமான பஸ்ல நுழையற மாதிரி."

கட்டளை போனது. காதன் சமர்த்தாக ஒருக்களித்தான். மறு நிமிடமே பழையபடி காதுகளைச் சூரியனுக்குக் காட்டி நின்றான்.

"என்னங்க, அடம் பிடிக்கிறான்?"

கணவன் தலையைச் சொறிந்தான். "போன தடவை நீ அவனைத் தப்பான பக்கம் திருப்பிட்டு டீ குடிக்கப் போனேல்ல? பேட்டரி காலியாச்சே. அதனாலதான், கீழேருந்து யார் என்ன சொன்னாலும் தகடு சூரியனைத்தான் பார்க்கணும்னு எழுதி வெச்சேன்."

"யார் என்ன சொன்னாலுமா?"

"குறிப்பா நீ சொன்னா."

அண்ணன் தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சரி, அந்த விதியை இப்ப எடுங்க."

"மொத்த மென்பொருளையும் மறுபடி ஏத்தணும். அதுக்குள்ள சாம்பல்."

ஆச்சரியமாக, அவள் திட்டவில்லை. "சூரியன் எங்க இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்க்கக் கண்ணு வெச்சீங்களா?"

"எடையைக் குறைக்க அதை எடுத்துட்டேன். தான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கோம்னு நட்சத்திரத்தை வெச்சுத் தெரிஞ்சுக்குவான். சூரியன் எங்கன்னு நாம அனுப்புற அட்டவணையைத்தான்..." பாதியில் நின்றான்.

"அப்ப சூரியனைத் தூக்கி வேற இடத்துல வெச்சிடுவோம்."

காதன் சுற்றும் வட்டத்துக்கு நேர் பக்கவாட்டில், ஒன்றுமே இல்லாத இருட்டில், அவள் அட்டவணையில் ஒரு சூரியனை வைத்து அனுப்பினாள். அந்தத் திசையைப் பார்த்து நின்றால் சுற்று முழுக்கக் காதுகளின் விளிம்பு மட்டும்தான் காற்றில் படும். உண்மையான வெயில் சாய்வாகக் கொஞ்சம் விழும். அரைப் பட்டினியில் பேட்டரி தாக்குப்பிடிக்கும்.

அடுத்த சுற்றில் காதன் தலைக்கு மேல் வந்தபோது பொய்ச் சூரியனைப் பார்த்துப் பக்தியோடு நின்றுகொண்டிருந்தான். இறக்கம் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது.

"பெத்த பிள்ளைகிட்டயே பொய் சொல்றீங்களே," என்றார் அண்ணன், நாற்காலியை முன்னுக்கு இழுத்தபடி.

மறுநாள் மதியம் புயல் ஓய்ந்தது. பொங்கிய காற்று மெல்ல அடங்கியது. அவள் சூரியனை அதன் இடத்திலேயே திரும்ப வைத்தாள். காதன் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பிக்கொண்டான்.

"அடுத்த பிள்ளைக்கு ஒரு கண்ணு வெச்சிடட்டுமா?" என்றான் கணவன்.

"வேண்டவே வேண்டாம்," என்றாள் அவள். "காதை மட்டும் குறைங்க."