விழாத அடிகள்

டயர் கிடங்கின் மாடியில்தான் அந்த ராக் குழுவுக்கு ஒத்திகை. மெட்டுப் போடுவதும் கீபோர்டு வாசிப்பதும் தம்பி. டிரம்ஸ், அவனுடைய அண்ணன். பேஸ் கிட்டார்காரன் ஆறடி உயரத்துக்கு எலும்பும் தோலுமாக இருப்பதால் ஊருக்கே ஒட்டடைக்குச்சி.

அண்ணனின் வலது கை நரம்பு செத்துக்கொண்டிருந்தது. இனி சரியாகாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

முதலில் எட்டடித் தாளத்தில் எட்டாவது அடி மட்டும்தான் விழாமல் போனது. தம்பி என்ன செய்தான் தெரியுமா? எட்டையே ஏழாக்கிவிட்டான். மெட்டின் வாலை நறுக்கி, மூச்சு விடுவதற்குள் அடுத்த வரி தொடங்கும்படி மாற்றி எழுதினான். "கணக்கு மாறி மாறி வர்ற ப்ரோக்ரெஸிவ் ராக்னா இதுதான்யா!" என்று ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்!

அடுத்த மாதம் பாட்டின் நடுவிலும் ஓர் அடி விழவில்லை. அங்கே டிரம்ஸையே நிறுத்தி, கீபோர்டில் நீளமாக ஒரு சுரத்தை வைத்து அடைத்தான்.

"எண்ணி எண்ணியே சாகணுமா நாங்க? மனுஷன் வாசிக்கிற மெட்டா இது?" என்று ஒட்டடைக்குச்சி புலம்பினான். தம்பி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். அண்ணனின் தப்புக்காகத்தான் மெட்டு மாறுகிறது என்ற உண்மை வெளியே வந்தால் அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்துவிடுவான். டிரம்ஸை விட்டால் அண்ணனுக்கு வேறு எதுவும் இல்லை.

இன்று மதியம் மூன்று முறை வாசித்தார்கள். முதல் முறை மூன்றாவது அடி விழவில்லை; தம்பி உடனே பென்சிலை எடுத்துத் திருத்தினான். இரண்டாம் முறை மூன்றாவது கணீரென்று விழுந்தது, ஆறாவதைக் காணோம். அழித்து எழுதினான். மூன்றாம் முறை குச்சியே நழுவித் தரையில் உருண்டது. தம்பியின் பென்சில் தாளுக்கு மேலேயே நின்றது. ஒரே இடத்தில் நிற்கும் தப்பை மெட்டாக்கலாம். நாளுக்கு நாள் இடம் மாறினாலும் துரத்திப் பிடிக்கலாம். நிமிஷத்துக்கு ஓரிடம் தாவும் தப்பை எந்தக் கொம்பனால் எழுத முடியும்?

"டீ குடிச்சிட்டு வரேன்" என்று ஒட்டடைக்குச்சி நாசூக்காக இறங்கிப் போனான்.

அண்ணன் குச்சியை எடுக்கவில்லை. தம்பியின் கையிலிருந்த பென்சிலையே பார்த்தான்.

"என் தப்பைத்தான் எழுதுறேன்னு முதல் நாளே தெரியும்டா. ஆனா அந்த ஏழு ரொம்ப நல்லா இருந்துச்சு. தப்புன்னே தோணல."

"அண்ணா, இன்னும் ஒரே ஒரு தடவை..."

"இதை எப்படிடா எழுதுவே?"

வலது கையை நீட்டினான். அது வெடவெடத்தது. தம்பி அதைத் தன் இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நடுக்கம் நிற்கவில்லை. அவனையறியாமலே மனசு எண்ணத் தொடங்கியது. ஐந்தாக எண்ணிப் பார்த்தான், ஏழாக எண்ணிப் பார்த்தான், பதினொன்றாகவும் பார்த்தான். எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.