மாப்பிள்ளைச் சேவல்

கோழி வளர்க்கும் யோசனை புருஷனுடையது. "நான் இல்லாதப்ப உனக்கும் பொழுது போகும், பிள்ளைக்கும் முட்டை கிடைக்கும்" என்று சொல்லிக் கொல்லையில் ஒரு கூண்டு அடித்தான். ஆறு பெட்டைக் குஞ்சும் ஒரு சேவல் குஞ்சும் வாங்கி விட்டான். பிறகு எங்கேயோ ஒரு துறைமுகத்துக்குக் கிரேன் ஓட்டப் போய்விட்டான். போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள்.

சேவல் வளர்ந்தபின் அது நடந்த நடையைப் பார்த்து மகள்தான் 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தாள். முறுக்கு அப்படி. முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு மாப்பிள்ளை வாசல்வரை ஓடிவந்து ஆட்களைத் துரத்த ஆரம்பித்தது. துணி கொடுக்க வருகிறவர்கள் கேட்டிலேயே பையை மாட்டிவிட்டுப் போனில் அளவு சொன்னார்கள். வியாழக்கிழமை தவறாமல் வந்து ஊர்வம்பு பேசும் நாத்தனாரும், கெண்டைக்காலில் அதன் கால்முள்ளால் குத்து வாங்கியதோடு நின்றுவிட்டாள். "அதை ஒழிச்சுட்டுக் கூப்பிடுங்க அண்ணி, வர்றேன்." இவளுக்கும் அதை ஒழித்துவிட ஆசைதான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

ஒருநாள் முட்டை எடுக்கக் குனிந்த மகளின் முகத்தில் அது பாய்ந்தது. புருவத்தில் மூன்று தையல்.

"ஒரு நூல் தள்ளிப் பட்டிருந்தா கண்ணே போயிருக்கும்" என்றாள் நர்ஸ்.

சேதி கேட்டு ஓடிவந்த நாத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்தே பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "அந்தச் சனியன் அங்க இருக்கிறவரைக்கும் இவ எங்கிட்ட இருக்கட்டும்."

வீட்டில் தையல் மிஷின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அதை நிறுத்தினால் அதுவும் இல்லை. ஒருத்திக்குச் சமைக்கச் சோம்பல்பட்டு, காலையில் வடித்த சோற்றையே மூன்று வேளையும் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் புருஷன் கத்தினான். "இதுல என்ன யோசனை? அறுத்துடு. அது என்ன நீ பெத்த பிள்ளையா?"

மறுநாள் காலை கால்சட்டைக்கு வெட்டிவைத்த கெட்டித் துணியோடு கொல்லைக்குப் போனாள். சேவல் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. எப்போதும் விளக்குமாற்றை வீசிவிட்டு உள்ளே ஓடுகிறவள், இன்றைக்கு நகரவில்லை. துணியைப் போட்டு அமுக்கி, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு கறிக்கடைக்கு நடந்தாள்.

கடை பூட்டிக் கிடந்தது. ஷட்டரில் ஒரு அட்டை: 'இன்று விடுமுறை.'

வந்த வழியே திரும்பினாள். திமிறிப் பார்த்த சேவல் பாதி வழியில் அடங்கிவிட்டது. அதன் நெஞ்சு அவள் விலாவில் படபடவென்று அடித்தது. நல்ல சூடு. வீட்டுக்கு வந்தும் இறக்கிவிடக் கை வரவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். ஓர் உயிரை இப்படி அணைத்துப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தாள். கணக்கு வரவில்லை. மகளும் பத்து வயது தாண்டியதிலிருந்து கட்டிக்கொள்ள வந்தால் நெளிகிறாள். அழுகை வந்தது, அழுதாள். சேவல் கண்ணைக் கொட்டிக்கொண்டு பார்த்தது.

மறுநாள் கடைக்குப் போகவில்லை. தினமும் காலையில் அதைப் பிடித்து இடுக்கிக்கொண்டு கொல்லையைச் சுற்றினாள். அது தலையைத் தாழ்த்தி அடங்கியபிறகுதான் கீழே விட்டாள். ஒன்பதாம் நாள் அவள் காலடியிலேயே தானியம் பொறுக்கியது. ஆனால் தண்ணீர் கேன் போட வந்தவரைக் கண்டதும் பழையபடி சிலிர்த்துக்கொண்டது.

சமாதானம் தன்னோடு மட்டும்தான் என்று புரிந்தது. கம்பி வலை வாங்கி, கொல்லையில் பாதியைத் தடுத்து, ஒரு கதவும் கொக்கியும் வைத்தாள். சுத்தியல் பட்டுக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. பிறகு நாத்தனாரைக் கூப்பிட்டாள். அவள் வந்து வலையை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை விட்டுப் போனாள்.

அன்று சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அத்தை வீட்டுல எப்பவும் யாராவது பேசிக்கிட்டே இருப்பாங்கம்மா. இங்க ரொம்ப அமைதியா இருக்கு."

குறையாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள்.

அந்த ஞாயிறுதான் புருஷன் மறுபடி கூப்பிட்டுக் கேட்டான். "அறுத்தாச்சா?"

"இல்ல. வலை கட்டித் தனியா விட்டிருக்கேன். காலையில கொஞ்ச நேரம் தூக்கி வச்சுக்குவேன்."

"சேவலையா? எதுக்கு?"

"தூக்கி வச்சுக்க வேற யாரு இருக்கா?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"லீவு கேட்டுப் பார்க்கறேன்" என்றான்.

"கேட்டுப் பார்க்கறேன்னு எத்தனை தடவை சொல்லிட்டீங்க. வாங்க."

அடுத்த மாதம் வந்தான். பத்து நாள் இருந்தான். கிளம்பும் அன்று அவன் பையைத் தூக்கப் போனபோது, அவள் அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அடுத்து எப்பன்னு தேதி சொல்லிட்டுத் தூக்குங்க" என்றாள்.

அவன் யோசித்து ஒரு தேதி சொன்னான். அவள் கையை எடுத்தாள்.