ஈரத்திரை

படம் தொடங்குமுன் திரையை நனைக்கவேண்டும். சபைக் கொட்டகையில் அது இரத்தினம்மாவின் பொறுப்பு. கொட்டகையை இரண்டாகப் பிரித்தபடி நடுவில் தொங்கியது அந்த வெள்ளைத் துணி. முன்பக்கம் ஆண்கள், பின்பக்கம் பெண்கள். துணி காய்ந்திருந்தால் பெண்கள் பக்கம் வெறும் மங்கல்தான். நன்றாக நனைந்தால் படம் துணியை ஊடுருவி அவர்களுக்கும் தெரியும். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும் ஒவ்வொரு இடைவெளியிலும் அவள் வாளியோடு ஓடிவந்து தண்ணீரை அள்ளி எறிவாள். கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும். கடலோடு கலந்த வாவித் தண்ணீர் பட்டால் துணியில் உப்புப் பூத்துவிடும்.

கொட்டகை தனியொருவருடையதல்ல. ஏழை நோயாளர் சகாய சபையார் அதை நடத்தினார்கள். அங்கே வேலை செய்த எவருக்கும் சம்பளம் கிடையாது. சேர்வதெல்லாம் காய்ச்சற்காரருக்குக் கஞ்சியாகவும் கொயினா மருந்தாகவும் போய்விடும். காரியதரிசி நல்லரத்தினம் கொழும்புக்கு எழுதிப் படம் எடுப்பிப்பார். ஏறாவூரில் தையல் மெஷின் திருத்தும் அசனார் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்து இயந்திரத்தின் கைபிடியைச் சுற்றுவார். திரையோரத்து முக்காலியில் அமர்ந்து கதை சொல்வது வல்லிபுரம் வாத்தியார். கொழும்பில் பேசும் படம் வந்துவிட்டதாம் என்று யாராவது பெருமையடித்தால், "எங்கட படமும் பேசும், வாத்தியார்ட வாயால" என்பார்கள் வாவிக்கரைச் சனங்கள். அதைக் கேட்க வாத்தியாருக்குக் கொஞ்சம் இனிக்கும். உடனே பிள்ளையாரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அந்த மாசி மாதம் வந்தது ஒரு கடற்கரைத் தாயின் படம். வெள்ளைக்காரர் படம்தான். ஆனால் வாத்தியார் வழக்கம்போல் தாய்க்குப் பொன்னம்மா என்றும் மகனுக்குக் கந்தன் என்றும் பெயர் வைத்துவிட்டார். பெட்டியோடு வந்த கதைச்சுருக்கத்தை முன்னதாகவே படித்திருந்தார். நாலாம் சுருளில் கந்தன் கடலால் வந்து தாயைக் கட்டிக்கொள்வான். ஐந்தாம் சுருளில் புயலுக்குள் போய் மூழ்கிவிடுவான். ஆறாவதில் தாய் கோயிலில் நின்று அழுவாள். அவ்வளவுதான் கதை.

அன்று பகலில் ரயிலடியிலிருந்து வரும் வழியில் படப்பெட்டி மழையில் நனைந்திருந்தது. துரு ஏறிவிடுமே என்று அசனார் தகரங்களையெல்லாம் திறந்து, மூடிகளைத் தம் சாரன் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். இலக்கம் எழுதிய கடதாசி மூடியில்தான் ஒட்டியிருந்தது. திரும்ப மூடும்போது இரண்டு மூடிகள் இடம் மாறின. நல்ல மனதோடு செய்த காரியம். ஆனாலும் அதனால் வந்த பாரம் குறையவில்லை.

மூன்றாம் சுருள் முடிந்ததும் புயல் வந்தது. வாத்தியார் திகைத்தார். இவ்வளவு சீக்கிரமா? அலைக்கு மேலே ஒரு கை எழுந்தது, அசைந்தது, மறைந்தது. "ஐயோ, கந்தன் போயிற்றானே!" என்றார். திரைக்குப் பின்னால் பெண்கள் விம்மினார்கள். இரத்தினம்மா தண்ணீர் எறிந்தாள். அடுத்த சுருள் ஓடியது. கதவு திறந்தது. கந்தன் சிரித்தபடி உள்ளே வந்தான்.

கொட்டகை முழுவதும் ஒரே ஆரவாரம். சுருள் மாறிவிட்டது என்பது வாத்தியாருக்கு உடனே விளங்கியது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பின்பக்கத்துப் பெண்களின் சந்தோஷக் குரலைக் கேட்டதும் நாக்கு முந்திக்கொண்டது.

"பாத்தீங்களா! தாய்ட கண்ணீர் கடலையும் வத்த வெச்சிற்று! கந்தன் வந்திற்றான்!"

கடைசிச் சுருளில் தாய் கறுப்புடுத்துக் கோயிலுக்குப் போனாள். "நேர்த்திக்கடன் வைக்கப் போறா. வெள்ளைக்காரர் நேர்த்திக்கும் கறுப்புத்தான் உடுப்பாங்க" என்று சமாளித்தார்.

மறுநாள் அசனார் மூடிகளைச் சரிசெய்தார், வாத்தியாரும் கதையைச் சரியாகவே சொன்னார். முதல்நாளும் வந்திருந்த கச்சி முகம்மது எழுந்து, "என்ன வாத்தியார், நேத்துப் பிழைச்சவன இண்டைக்குக் கொல்லுறீங்க? அவனோட என்ன கோவம்?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார்.

ஞாயிறு காலை இரத்தினம்மா வாத்தியார் வீட்டு வேலிப் படலையில் வந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"வாத்தியார், சீதேவியக்கா முதல்நாள் படத்துக்கு வந்தவ. நான்தான் மனம் ஆறட்டும் எண்டு கூட்டி வந்தன்."

சீதேவியின் மகன் இராசதுரை, மார்கழி வெள்ளம் கடலுக்கு வடியவென்று வாவியின் முகத்துவார மணலை வெட்டிய அன்று தோணியோடு கடலுக்குள் இழுபட்டுப் போனவன். உடல் கிடைக்கவில்லை. ஈமக்கிரியை செய்ய அவள் விடவேயில்லை. இனத்தவர்கள் கெஞ்சி மன்றாடி, வருகிற அமாவாசைக்குச் செய்வதாக இப்போதுதான் சம்மதித்திருந்தாள்.

"இப்ப வேணாம் எண்டிற்றா. மகன் வருவானாம். நேத்துப் பொழுதுபட்டதில இருந்து விடியுமட்டும் சோத்தோட வாவிக்குள்ள இறங்கி நிண்டவ. உடம்பு நெருப்பாச் சுடுது."

அன்று மாலை வாத்தியார் துறைக்குப் போனார். முழங்காலளவு தண்ணீரில், கையில் ஒரு சட்டியோடு சீதேவி நின்றிருந்தாள்.

"அக்கா, கரைக்கு வாங்க. காய்ச்சல் உடம்போட தண்ணிக்குள்ள நிக்கலாமா?"

"இன்னும் கொஞ்சம் பாத்திற்று வாறன், வாத்தியார். பிள்ளை பசியோடதானே வருவான்."

"அண்டைக்கு நான் சொன்னது பிழை அக்கா. சுருள் மாறிப் போச்சு. அந்தப் பொடியன் திரும்பி வரல்ல. நான்தான் வாய்க்கு வந்தபடி சொல்லிற்றன்."

அவள் குழந்தையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னத மட்டுமா நம்பினன்? கண்ணால கண்டனே. கதவ எந்தக் கையால திறந்தான்? இடக்கையால. தாய்ட கன்னத்த எந்தக் கையால தொட்டான்? அதுவும் இடக்கை. என்ட பிள்ளையும் இடக்கைக்காரன். கடவுள் வேற எப்பிடிச் சொல்லுவார் எனக்கு?"

வாத்தியார் திரும்பி நடந்தார். கந்தன் கதவைத் திறந்தது வலக்கையால். அவர் முக்காலியிலிருந்து நன்றாகப் பார்த்தவர். இதை இரத்தினம்மாவிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ வாத்தியார், எங்கட பக்கத்தில எல்லாம் மாறித்தானே தெரியும்! வலது இடதாத் தெரியும். நாங்க எப்பவும் அப்பிடித்தான் பாக்கிற."

இத்தனை வருடம் பெண்களுக்கும் சேர்த்துக் கதை சொன்னவர், ஒருநாளாவது திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்ததில்லை.

சபையார் கூடினார்கள். படத்தை ஒருமுறை சீதேவிக்காக மட்டும் ஓட்டவேண்டும் என்றார் வாத்தியார். நல்லரத்தினம் தயங்கினார்.

"பெட்டி நாளைக்கு ரயில்ல ஏறவேணும். அது கிடக்கட்டும். பெத்த தாய்க்கு அந்தச் சாவ இன்னொருக்காக் காட்டுறது தர்மமா?"

அசனார்தான் பேசினார்.

"காரியதரிசி ஐயா, மூடிய மாத்தினவன் நான். பொய்யான ஆறுதல அந்த மனிசிட கையில குடுத்திற்று என்னால தொழுகையில சுஜூது செய்து நெத்திய நிலத்தில வைக்க ஏலாது. கூட இருந்து காட்டுவம். தனிய விடாம இருப்பம். அவ்வளவுதான் நம்மால ஏலும். மிச்சம் அல்லாஹ்ட பொறுப்பு."

மறுநாள் உச்சிப்பொழுதில், வெளிச்சத்தை மறைக்கக் கொட்டகை வாசல்களிலும் ஓலை இடுக்குகளிலும் சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். நல்லரத்தினமே ஏணியில் ஏறிக் கட்டினார். இரத்தினம்மா சீதேவியைக் கைப்பிடித்து அழைத்துவந்து முன்பக்கம், ஆண்களின் பக்கம், வாத்தியாரின் முக்காலியருகே ஒரு வாங்கில் உட்கார வைத்தாள். அசனார் கைபிடியைச் சுற்றினார். வெளிச்சம் எங்கோ கசிந்து படம் வெளிறித் தெரிந்தது. வாத்தியார் அன்று அலங்காரம் ஏதும் சேர்க்காமல், கதையில் இருந்ததை மட்டும் சொன்னார்.

நாலாம் சுருளில் கதவு திறந்தது. கந்தன் வலக்கையை நீட்டித் தாயின் கன்னத்தைத் தொட்டான்.

சீதேவி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருள் முடிந்து இருண்டது. "இவன் வேற ஆர்ரயோ பிள்ளை" என்றாள்.

"ஓம் அக்கா."

"இதுக்குப் பிறகுதான் புயலா?"

"ஓம்."

"நிப்பாட்டுவமா, உம்மா?" என்று அசனார் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கேட்டார். அவள் வயதில் அவருக்கு அக்காவாகத்தான் இருப்பாள். இருந்தும் தாயை அழைக்கும் அந்தச் சொல்தான் வந்தது.

சீதேவி எழுந்தாள். துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து திரைக்குப் பின்னால் போனாள். இரத்தினம்மா பதறிக்கொண்டு அவள் பின்னே ஓடினாள். வாத்தியாரும் முக்காலியை விட்டெழுந்து அந்தப் பக்கம் போனார்.

சீதேவி வாளியின் முன்னால் நின்றாள். "இஞ்ச தா பிள்ளை, நான் நனைக்கிறன்."

இரு கைகளையும் குவித்துத் தண்ணீரை அள்ளினாள். எறியவில்லை. துணியோடு சேர்த்துக் கைகளை உயர்த்தி, மெதுவாக வழியவிட்டாள். திரும்பவும் அள்ளினாள். வாய் ஏதோ முணுமுணுத்தது. மகனின் பெயராக இருக்கலாம். திரை முழுவதும் நனையும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். பிறகு அவள் மணலில் உட்கார்ந்தாள். இரத்தினம்மா ஒரு பக்கமும் வாத்தியார் கொஞ்சம் தள்ளியும் அமர்ந்தார்கள்.

"இனி ஓட்டுங்க, காக்கா" என்று அசனாரை அண்ணன் முறை வைத்து அழைத்தாள்.

புயல் வந்தது. தோணி கவிழ்ந்தது. அலைக்கு மேலே கை எழுந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க அது இடக்கைதான். வாத்தியார் வாயைத் திறந்தார். ஊரையே அழவைத்த அந்தக் குரல் வெளியே வரவில்லை.

"சொல்லுங்க வாத்தியார்" என்றாள் சீதேவி. "அவன் போயிற்றான் எண்டு சொல்லுங்க. உங்கட வாயாலயே கேக்கவேணும்."

"போயிற்றான் அக்கா" என்றார் அவர்.

கை மறைந்தது. அப்போதுதான் சீதேவி அழுதாள், மார்கழியிலிருந்து அழாத அழுகையெல்லாம். இரத்தினம்மா அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அசனார் கைபிடியை விடவில்லை. ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே, குனிந்த தலையோடு ஏதோ ஓதினார்.

கறுப்புடுத்த தாய் கோயிலில் நின்றபோது யாரும் கதை சொல்லவில்லை. படம் முடிந்ததும் நல்லரத்தினம் ஒரு சாக்கை நீக்கினார். வெயில் உள்ளே விழுந்தது. திரையின் கீழ்க்கரையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

சீதேவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அமாவாசைக்கு நாலு பேருக்குச் சமைக்கவேணும்" என்றாள். "வாத்தியார், நீங்களும் வரவேணும். காக்காவையும் கூட்டிற்று வாங்க."

"வாறம் அக்கா" என்றார் வல்லிபுரம் வாத்தியார். நனைந்த துணியைக் கழற்ற இரத்தினம்மாவுக்குக் கை கொடுக்க எழுந்தார்.