குழாய் வாயில் மாவு

1

இந்தக் கதை எனக்கு வெல்டிங் பட்டறையில் கிடைத்தது. ஸ்கூட்டரின் ஸ்டாண்டு ஒடிந்து, மன்னார்குடியில் தியாகேசனிடம் பற்றவைக்கக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் பேச்சுவாக்கில் சொன்னார்:

"கூத்தாநல்லூர்ல ஒரு சவுதி பாய்க்கு ரயில் எஞ்சின் மாதிரி ஒரு அடுப்பு செஞ்சு குடுத்தேன் சார். கறிய நெருப்புல காட்டாம பொகையிலயே வேக வைக்கிறது. மொத தடவ பத்த வச்ச அன்னிக்கே வீட்டுக்காரம்மா பொகைக்குழா வாயில மைதா மாவ அப்பி அடைச்சுருச்சு."

அவர் சிரித்தார். நான், "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, ஸ்டாண்டு ரெடி."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் வைத்தது.

2

'கரும்புகை வானத்தைத் தொட்டபோது கூத்தாநல்லூரே மூச்சைப் பிடித்துக்கொண்டு—'

அடித்துவிட்டேன். வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதிப் பழகிய கை. முதல் வரியிலேயே யாருக்காவது மூச்சு நின்றாக வேண்டும் அதற்கு. கூத்தாநல்லூர் அடுத்த வீட்டுப் புகைக்கெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்காது.

'தம்மாமிலிருந்து திரும்பிய சித்தீக்கின் கண்களில்—'

கண்களில் என்ன இருந்தது என்று யோசிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. இதுவும் வேண்டாம். நேராகவே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து சித்தீக் கருவேல விறகைப் பற்றவைத்தான். சவுதியின் தம்மாமில் எண்ணெய்க் கம்பெனி குடியிருப்பில் சமையல்காரன் அவன். அங்கே அமெரிக்கர்களிடம் கற்றுக்கொண்ட வித்தை இது. தியாகேசன் பழைய தண்ணீர் டாங்கியை அறுத்து, ஒரு கோடியில் நெருப்புப் பெட்டியும் மறுகோடியில் புகைக்குழாயும் வைத்துக் கொடுத்திருந்தார். நடுவயிற்றில் ஆட்டுத் தொடைகள், முழுசாக.

மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாமனார் கலந்தர் சாப்பிட வருகிறார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவருடைய கடை ஒன்று காலியாகக் கிடக்கிறது. கறி அவர் வாய்க்குப் பிடித்தால் கடை சித்தீக்குக்கு, ஊரிலேயே இருந்துவிடலாம். பிடிக்காவிட்டால், லீவு முடிந்ததும் தம்மாம். கல்யாணமானதிலிருந்து அனீஸாவோடு அவன் வாழ்ந்ததெல்லாம் லீவு நாட்கள்தான்.

(ஒரு விதி போட்டுக்கொள்கிறேன். இந்தக் கதையில் நான் சித்தீக்கின் தோளருகில் மட்டுமே நிற்பேன். அவன் பார்க்காததைப் பார்க்க மாட்டேன். இதற்காகப் பின்னால் வருத்தப்படப் போகிறேன்.)

3

பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போது சித்தீக் சொன்னான்: "மூடியத் தொறக்காத அனீஸா. எட்டிப் பாக்கக்கூட தொறக்காத."

"தம் போட்ட சட்டியத் தொறக்கக் கூடாதுன்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா மச்சான்? போங்க. சட்டையெல்லாம் பொக. பக்கத்துல நிக்கிறவருக்குத் தொழுவையில கறி நெனப்புதான் வரப்போவுது."

அவன் சிரித்துக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது குழாயில் புகை இல்லை.

அருகில் போனான். குழாயின் வாயில் வெள்ளையாக மாவு. வெந்து, காய்ந்து, வெடித்திருந்தது. மூடியின் விளிம்பைச் சுற்றிலும் மாவு. கட்டைவிரல் அழுத்திய தடம் வரிசையாக.*

"யாரு அடைச்சது?"

"நாந்தான். தம்மு பூரா வெளிய போயிட்டிருந்துச்சு. நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க."

அவன் உளியால் மாவைத் தட்டி எடுத்து மூடியைத் தூக்கினான். திணறிப்போன புகை முகத்தில் அடித்தது. தொடைகள் தார் பூசியதுபோல் மினுங்கின. மேலாக ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டான். கசப்பு நாக்கிலேயே நின்றது. கத்தியை ஆழ இறக்கி உள்ளிருந்து கொஞ்சம் எடுத்தான். பூவாக இருந்தது, கருவேல மணம் லேசாக ஏறியிருந்தது.

"மேல பூரா கசப்பு. உள்ள நல்லாருக்கு. தின்னு பாரு."

இரண்டையும் தின்று பார்த்தாள்.

(* பிரியாணிச் சட்டிக்கும் மூடிக்கும் நடுவே பிசைந்த மாவை அப்பினால் ஆவி வெளியேறாது. தம் என்பது அதுதான். இந்த அடுப்புக்கோ புகை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.)

4

இந்த இடத்தில்தான் என் கதை கெட்டுப்போனது.

ஆவி கசிகிற பாத்திரத்தைக் கண்டால் அந்தத் தெருவில் எந்தப் பெண்ணுடைய கையும் மாவைத் தேடும். தெரியாமல் செய்தாள். முதல் பிரதியில் அப்படித்தான் எழுதி, திருப்தியாக ஒரு வெற்றிலை போட்டேன். ஆனால் அதே பிரதியில், பின்பு நானே வெட்டிய ஒரு பத்தியில், அடுப்பை இறக்கிவைக்க வந்த தியாகேசன் சொல்கிறார்: "பொக குழா வழியா போயிட்டே இருக்கணும் பாய். அடைச்சீங்கன்னா நெருப்பும் செத்துரும், கறியும் கசந்துரும்." அப்போது டீ கொண்டுவந்தது அனீஸா.

வெட்டிய பத்தி வெட்டியதாகவே இருக்க மாட்டேன் என்கிறது. உளியோடு நிற்கும் சித்தீக்குக்கு இப்போது அது ஞாபகம் வருகிறது. டீ கிளாஸ் தன் கையில் இருந்தது தெரிகிறது. அவள் உள்ளே போயிருந்தாளா, நிலைப்படியில் நின்றாளா? அது தெரியவில்லை.

தெரிந்தே செய்தாள் என்றால், எதற்கு? துப்பறியும் கதை என்றால் இதற்குள் அவளுக்கு ஒரு காதலனைக் கொடுத்திருப்பேன். வயதாகிவிட்டது, கூச்சமாக இருக்கிறது. வேறு இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. வீட்டுச் சாவியும் வரவு செலவும் அவள் கையிலேயே இருந்து பழகிவிட்டன. தினமும் வீட்டில் இருக்கிற புருஷன் அவளுக்குப் புதுசு. அல்லது, போன வாரம் துணி மடிக்கும்போது அவள் சொன்னது:

"எங்க அத்தா கடையில ஒக்காந்தீங்கன்னா, அவங்க உள்ள வர்றப்பல்லாம் நீங்க எந்திரிச்சு நிக்கணும். தெனம் நிக்கணும்."

அன்றைக்கு சித்தீக் சிரித்தான். இப்போது சிரிக்கவில்லை.

அனீஸாவின் மனசுக்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், பேனா என்னுடையது. ஆனால் விதி—

5

'கலந்தர் ஒரு வாய் வைத்தார். அவர் முகம்—'

இல்லை. கொஞ்சம் முன்னால் போகிறேன்.

"வாசனை தெருமொன வரைக்கும் வருதே மாப்ள," என்றபடி கலந்தர் வந்தார். விரித்த பாயில் சஹன் வைத்தாயிற்று. மாமனாரும் மருமகனும் அந்த ஒரே தட்டில் எதிரெதிரே கை வைக்க வேண்டும், நடுவில் நெய்ச்சோறு.

"வெள்ளக்காரன் திங்கிறது. நம்ம வாய்க்குப் புடிக்குமா?"

"தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க மாமா."

சித்தீக் கத்திக்குக் கை நீட்டுவதற்குள் அனீஸா எடுத்துவிட்டாள். தொடையின் மேலிருந்து ஒரு துண்டு அறுத்தாள். உள்ளிருந்து ஒரு துண்டு. இரண்டையும் கரண்டியில் ஏந்தி சஹனுக்கு மேல் குனிந்தாள். அவள் நகக்கண்ணில் இன்னும் மாவு இருந்தது.

எது தன் பக்கம் விழுந்தாலும் முகம் சுளிக்காமல் தின்றுவிடுவது என்று சித்தீக் முடிவு செய்துவிட்டான். அவன் தோளருகில் நிற்பதால் அது மட்டும் எனக்குத் தெரியும்.

கரண்டி இறங்குகிறது. அதை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டை அவளுடைய அத்தா பக்கம் வைப்பது, எதைப் புருஷன் பக்கம் வைப்பது என்பது உங்கள் பாடு. வைத்துவிட்டு, நிமிர்கிற அனீஸாவின் முகத்தை ஒருமுறை பாருங்கள். பார்த்ததை என்னிடம் சொல்ல வேண்டாம். சித்தீக் இன்னும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.