பனிக்கு அடியில் வந்த ரயில்

"வர்ற சனிக்கிழமை ரயில் என் காலுக்கு அடியில போகும். நான் மேல நின்னு கைய ஆட்டுவேன்" என்றாள் ஹெஸ்டர் பென்ரோஸ்.

ஸ்டேஷன் மாஸ்டர் சைலஸ் கூம்ப் காபியைச் சிந்திக்கொண்டார். "எம்மா, தண்டவாளத்து மேல ஒரு மலையே சரிஞ்சு கெடக்கு. மே மாசம் பனி உருகினாத்தான் ரயிலு. பேசாம மூட்டையக் கட்டு."

கொலராடோ மலையுச்சியில், அந்த வெள்ளிச் சுரங்க ஊரில் மாவு தீர்ந்துபோயிருந்தது. ஹெஸ்டரின் விடுதியில் தங்கிய சுரங்கத் தொழிலாளிகளோ, பசி வந்தால் மேசைக் காலைக்கூட விட்டுவைக்காதவர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ரயில் வராவிட்டால் சுரங்கத்தை மூடி, எல்லாரையும் கணவாய் வழியே இறக்கிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். இறங்கினவன் திரும்பி ஏறமாட்டான். பிறகு விடுதி யாருக்கு?

"உருகட்டும்னு காத்திருந்தாத்தானே மே மாசம்?" ஹெஸ்டர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். "பாறையைக் குடையற பயலுகளுக்குப் பனி எம்மாத்திரம்? குடைங்கடா."

குடைந்தார்கள். வெறும் அவரைக்கொட்டையைத் தின்றுவிட்டு, மலைமுயல்கள் வெட்கப்பட்டு ஊரைவிட்டே போகிற வேகத்தில் குடைந்தார்கள். வெள்ளிக்கிழமை மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. அங்கே மாவு மூட்டைகளோடு ரயில் நின்றது. டிரைவர் நூர்ஹௌக் குகைவாயை அண்ணாந்து பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்ப்பா, புகைபோக்கி எங்க போகும்?"

புகைபோக்கி உயரத்துக்கு யாரும் குடையவில்லை. பிறந்ததிலிருந்து சுரங்க வண்டியையே தள்ளியவர்கள். அதற்கு ஏது புகைபோக்கி? இனிமேல் கூரையைச் சுரண்டினால் மொத்தமும் தலையில் இறங்கும்.

"கழட்டுங்க" என்றாள் ஹெஸ்டர். "உங்க டிரைவர் கூண்டோட கூரையையும் சேத்து."

"புகைபோக்கி இல்லாத என்ஜின், தலைபோன கோழி மாதிரி அம்மணி."

"தலைபோன கோழி எம்புட்டு தூரம் ஓடும்னு எனக்குத் தெரியும். நெருப்ப நல்லா ஏத்தி, நீராவிய நெரப்பிட்டுக் கழட்டுங்க."

சனிக்கிழமை மதியம் பனிமேடு முழுவதும் கிடுகிடுத்தது. ஹெஸ்டர் மேலே கால்களை அகட்டி நின்றாள். விரிசல்களெல்லாம் புகை கக்கின. குகைவாயில் முதலில் மொட்டை என்ஜின் தெரிந்தது. அப்புறம் நூர்ஹௌக்கின் கரிமூஞ்சி, அதன் பின்னால் மாவு மூட்டைகள். முதலாளி ஒரு மூட்டையைத் தடவிப் பார்த்து, "திங்கக்கிழமை எல்லாரும் வேலைக்கு வாங்க" என்றார்.

சைலஸ் தலைமை அலுவலகத்துக்குத் தந்தி அடித்தார். உடனே பதில் வந்தது: குடித்திருக்கிறீரா?

தந்திக் கருவியை முறைத்துவிட்டு சைலஸ் அடித்தார்: இல்லை. ரயில் பனிக்கு அடியில்தான் வந்தது. அந்த அம்மாள் மேலே நின்று கையும் ஆட்டினார். என் கண்ணால் பார்த்தேன்.