தங்கச்சி வீட்டுப் பெரிய பியானோ

கொழும்புத்துறையில் கடலைப் பார்த்தபடி கிறிஸ்ரினா கட்டிய வீட்டில் மனிதருக்கு மின்விசிறி, பியானோவுக்கு ஏசி. இதைக் கேள்விப்பட்டபோது அவளுடைய அக்கா பியாட்றிஸ் சிரிக்கவில்லை. மூக்கால் ஒரு சத்தம் மட்டும் விட்டாள். தேவாலயத்துப் பாடகர் குழுவுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். யாராவது சுருதி பிசகினால், பியானோவுக்கு முன்னால் இருக்கும் பியாட்றிஸ் திரும்பிப் பார்க்க மாட்டாள். மூக்குத்தான் பேசும். அதைக் கேட்டு அழுத பெண்கள் சிலர் பக்கத்துத் தேவாலயத்துக்கே மாறிப் போயிருக்கிறார்கள்.

"அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியிலையும் குடை பிடிப்பானாம்," என்று செய்தி கொண்டுவந்தவர்களிடம் சொன்னாள். "உவைக்கு கொன்சேட் கிராண்ட். ஒன்பதடி. நீட்டி நிமிர்ந்து படுக்கவாக்கும்."

கிறிஸ்ரினாவும் புருஷன் ஜெபசீலனும் லண்டனில் காலம் முழுக்க உழைத்து, ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியவர்கள். திரும்பி வருகிறவர்கள் நீச்சல் குளம் கட்டுவார்கள், இரும்புப் படலைக்கு மேல் சிங்கம் வைப்பார்கள். ஜெபசீலனுக்குச் சிங்கம் போதவில்லை. பெரிய கச்சேரி மண்டபங்களில் வைக்கிற பியானோவைக் கப்பலில் இறக்குவித்து, கொழும்பிலிருந்து லொறியில் கொண்டுவந்து, தன் ஹோலில் வைத்தார். அந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை.

அக்காளும் தங்கையும் சின்ன வயதில் தகப்பன் வாங்கிக் கொடுத்த ஒரே பியானோவில்தான் பழகினார்கள். பழகினார்கள் என்பது பியாட்றிஸைப் பொறுத்தவரை உண்மை. கிறிஸ்ரினா வாசித்தால் கோழி படி ஏறுவது போல இருக்கும். எட்டாம் கிரேட் பியானோச் சோதனை நடத்த வந்த வெள்ளைக்காரர் பியாட்றிஸின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, தகப்பனைத் தனியே கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்கு நல்ல பியானோ ஒன்று கிடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிடைத்தது வேறு. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தது மூத்தவளை, கேட்டது இளையவளை. சீதனம் பேசி, வீடு முடிந்து, நகை முடிந்து, எல்லோரும் எழும்புகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் ஹோலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"உந்தப் பியானோவும் பிள்ளையோடை வருந்தானே?"

தகப்பன் ஓம் என்றார். கட்டில், அலுமாரி, பியானோ என்று மூன்றும் ஒரே வண்டியில் மானிப்பாய்க்குப் போயின. வாசிக்கத் தெரிந்தவள் அந்த நேரம் குசினியில் சம்பந்திகளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். மானிப்பாயில் அதன்மேல் ஊறுகாய்ப் போத்தல் வைத்தார்களாம். பிறகு சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பியானோவில் இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது.

பியாட்றிஸ் கலியாணம் கட்டவில்லை. மிஷன் கந்தோரில் தட்டெழுத்து அடித்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசித்தாள். அங்கே இருந்த பியானோவில் நடுவில் சில கட்டைகள் அழுத்தினால் எழும்பாது. அதைத் தட்டித் தூக்கிக்கொண்டே அவள் ஒரு வசனம் சொல்வாள்.

"எனக்கொரு நல்ல பியானோ இருந்திருந்தால்..."

அதை அவள் ஒருநாளும் முடித்ததில்லை. கேட்கிறவர்கள் தாங்களே முடித்துக்கொண்டு, தலையாட்டி, பாவம் என்பார்கள். போதகர் நம்பினார், பாடகர் குழு நம்பியது, எல்லோரையும்விட அவள் நம்பினாள். வீடு தங்கைக்குப் போய்விட்டது, பென்சன் சின்னது. அவளிடம் இருந்த சொத்து என்று சொன்னால் அந்த அரைகுறை வசனம்தான்.

பியானோ வந்து இறங்கிய அன்று, விசர்க்கூத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பியாட்றிஸ் முச்சக்கரவண்டி பிடித்துப் போனாள். கரையிலிருந்து வள்ளம் இழுக்கிற ஆட்களைக் கூட்டி வந்திருந்தார்கள். சாக்கும் பலகையும் சுற்றிய அந்தப் பெரிய சாமானைச் சுற்றி அவர்கள் நின்றார்கள். ஜெபசீலன் அரைக்காற்சட்டையோடு குறுக்கும் நெடுக்கும் ஓடினார்.

"கவனம், கவனம். உது வள்ளம் இல்லை."

"அது தெரியுது ஐயா. ஆனால் இதுக்கு அணியம் எந்தப் பக்கம்? எந்தப் பக்கத்தாலை உள்ளுக்கு விடுறது?" என்று ஒருவர் கேட்டார்.

ஜெபசீலன் முழித்தார். அணியம் என்றால் வள்ளத்தின் முன்பக்கம் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. பியாட்றிஸுக்கு அது பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

"யாழ்ப்பாணத்திலை வேறை ஒருத்தரிட்டையும் உப்பிடி ஒண்டு இல்லை, மச்சாள்," என்றார் அவர், வியர்வையைத் துடைத்தபடி.

"இருக்காது. வாசிக்க ஆள் இருக்கோ?"

"அதுக்கென்ன, ஒரு மெசின் பூட்டலாம். தன்ரை பாட்டிலை வாசிக்கும். கட்டையள் தானாக் கீழை போய் வரும்."

"நல்லது. சாப்பிடுறதுக்கும் ஒண்டு பூட்டுங்கோ."

அப்போது உள்ளே சாக்கை உரித்தார்கள். கறுப்பாக, மினுங்கிக்கொண்டு, அவ்வளவு நீளத்துக்கு அது நின்றது. பியாட்றிஸ் அதுவரை படத்தில்தான் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாள். ஆசை. வயசுக்கும் வைராக்கியத்துக்கும் பொருந்தாத பச்சை ஆசை. குரங்கின் கையில் பூமாலை என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், ஆசை அடங்கவில்லை.

கிறிஸ்ரினா பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, புதுவீட்டு ஜெபத்தண்டைக்கு நீங்கள்தான் முதல் வாசிக்க வேணும். அதுக்கு முதல் ஒருக்கா வந்து வாசிச்சுப் பாருங்கோ. ஆறுதலாப் பழகலாம்."

"எனக்குப் பழக்கமோ? ஆரோடை கதைக்கிறாய் எண்டு தெரியுதே?"

கிறிஸ்ரினா உடனே மன்னிப்புக் கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான், முதுகெலும்பு இல்லாதவள் என்று பியாட்றிஸ் நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, எட்டாம் கிரேட்டில் வாசித்த சொனாட்டாவைச் சாப்பாட்டு மேசையில் விரலால் வாசித்தாள். மேசையில் அது அருமையாக வந்தது.

வீட்டு ஜெபத்துக்கு ஊரே திரண்டது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் ஹோலுக்குள் போய்ப் பியானோவோடு நின்று படம் எடுத்தார்கள். ஏசிக் குளிரில் பிள்ளைகள் தும்மினார்கள். பியானோவின்மேல் பின்னல் விரிப்பு, விரிப்பின்மேல் பிளாஸ்ரிக் ரோஜா, ரோஜாவைச் சுற்றி ஜெபசீலன் பக்கத்து மருமக்களின் பட்டமளிப்புப் படங்கள். போதகர் கூரைக்காக ஜெபித்தார், கிணற்றுக்காக ஜெபித்தார், ஜெபசீலன் கண்ணைக் காட்டியதும் பியானோவுக்காகவும் ஜெபித்தார்.

பிறகு எல்லோரும் பியாட்றிஸைப் பார்த்தார்கள்.

அவள் அவசரப்படவில்லை. ரோஜாவை எடுக்கச் சொன்னாள். பட்டதாரிகளை ஒவ்வொருவராக இறக்கினாள். பின்னல் விரிப்பை இரண்டு விரலால் தூக்கி, குழந்தை நனைத்த துணி போல, தங்கையிடம் நீட்டினாள். மூடியை முழுக்கத் திறக்கச் சொல்லி, அது எப்படித் திறப்பது என்று தெரியாமல் ஜெபசீலன் தடுமாறுவதை ஆறுதலாக நின்று பார்த்தாள். கழுதைக்குக் கற்பூர வாசனை. அத்தனைக்கும் பிறகுதான் பியானோவுக்கு முன்னால் கதிரையில் இருந்தாள்.

முதல் கட்டையைத் தொட்டவுடன் அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் கொடுத்ததை அப்படியே திருப்பித் தந்தது அந்தப் பியானோ. தேவாலயத்துப் பியானோ பிழைகளைத் தின்றுவிடும். எழும்பாத கட்டைக்கும் கிறீச்சிடும் பெடலுக்கும் நடுவே எது அவளுடைய பிழை, எது அதனுடையது என்று கடவுளாலும் பிரிக்க முடியாது. இது எதையும் தின்னவில்லை. இடது கை பிந்தியது, கேட்டது. வலது கை ஓடவேண்டிய இடத்தில் நொண்டியது, அதுவும் கேட்டது. மெதுவாக வரவேண்டியது தட்டெழுத்து அடித்த மாதிரி வந்தது. இத்தனை வருடமும் நாலு வரிப் பாட்டுகளுக்கு மட்டும் பழகிய விரல்கள், வேறொன்றும் தெரியாது என்று எல்லார் முன்னாலும் சொல்லின. சொனாட்டாவின் இரண்டாம் பக்கம் நினைவில் இல்லவே இல்லை. அவள் ஏதோ ஞானப்பாட்டின் கடைசி வரியை ஒட்டவைத்து முடித்தாள்.

ஹோல் அதிரக் கைதட்டினார்கள். போதகர் எழுந்து நின்றார். ஜெபசீலன் போனைத் தலைக்குமேல் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கிழமையாக அவள் ஏளனம் செய்த அந்த அறியாமையைத் தவிர அவளுக்கு இப்போது வேறு தஞ்சம் இல்லை. அதற்காகவும் அவர்களை வெறுத்தாள்.

"அக்கா, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கிறிஸ்ரினா கேட்டாள்.

பியாட்றிஸ் எழுந்தாள். மூக்கிலிருந்து சத்தம் வந்தது. பாடகர் குழு ஒரேயடியாக அமைதியானது.

"பியானோ சரியில்லை."

"சரியில்லையோ?"

"நடுக்கட்டையள் சொல் கேக்குதில்லை. கீழை சுருதி இறங்கிக் கிடக்கு. கடற்காத்துக்குப் பக்கத்திலை கொண்டுவந்து வைச்சால் உப்பிடித்தான். இதிலை நான் என்னத்தை வாசிக்கிறது?"

ஜெபசீலனின் முகம் கறுத்தது. விருந்தாளிகள் முன்னாலேயே கொழும்புக்குப் போன் எடுத்தார். பியானோவைப் பொருத்திச் சுருதி சேர்த்துவிட்டுப் போன பிரவீணன் என்ற பெடியனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"முந்தநாள்தானே ஐயா செய்துபோட்டு வந்தனான். அதிலை ஒரு பிழையும் இல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆர் வாசிச்சது?" என்று கேட்டான்.

பியாட்றிஸ் கைப்பையைத் தேடத் தொடங்கினாள். ஆனால் கிறிஸ்ரினா, ஒருநாளும் குரல் உயர்த்தாத கிறிஸ்ரினா, புருஷனின் கையிலிருந்து போனைப் பறித்தாள்.

"என்ரை அக்கா வாசிச்சவ. வெள்ளைக்காரனே மெச்சின கை அது. அவவைவிட உமக்குத் தெரியுமே? பழுதான சாமானை எங்கடை தலையிலை கட்டிப்போட்டு, ஆர் வாசிச்சது எண்டு கேக்கிறீர்."

போனை வைத்துவிட்டு அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"இவரிலை பிழை இல்லை அக்கா. நான்தான் வாங்குவிச்சனான். உங்களுக்காண்டி. உங்கடை பியானோவைச் சீதனம் எண்டு நான் கொண்டு போனது இண்டைக்கும் எனக்கு நெஞ்சிலை கிடக்கு. ஒவ்வொரு நாளும் வந்து வாசியுங்கோ எண்டு சொல்லத்தான் இருந்தனான். அதுக்குள்ளை இப்பிடி..." மூக்கை உறிஞ்சினாள். "பரவாயில்லை. உதைத் திருப்பி அனுப்புவம். உதிலும் திறமான ஒண்டு, உலகத்திலையே நல்லதாப் பாத்து எடுப்பம். நீங்களே வந்து வாசிச்சுப் பாத்துத் தெரிஞ்செடுங்கோ."

"வேண்டாம்," என்றாள் பியாட்றிஸ்.

சொல் அவ்வளவு வேகமாக வந்ததால் போதகர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் கைகள் இரண்டையும் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்டும் வாங்காதை, கிறிஸ்ரினா. நான் சேர்ச் பியானோவிலையே வாசிக்கிறன்."